அனோவா: ஆய்வேட்டுக் காலத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

உளவியல் முதுகலை மாணவர்களுக்குப் புள்ளியியல் பகுதியில் கைகொடுக்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதம் நெருங்கினால் போதும், எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் அச்செடுத்த தாள்களோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. பெரும்பாலும் அனோவா பற்றித்தான்: பல குழுக்களின் சராசரிகள் உண்மையில் வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் முறை அது. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்து வைத்துவிட்டேன். பின்னால் வரும் பதில்கள் முன்னவற்றை நம்பி நிற்கின்றன. முதல் தடவை வரிசையாகப் படியுங்கள்.

1. நான் ஒப்பிடுவது சராசரிகளை. அப்புறம் ஏன் இதற்கு 'மாறுபாட்டுப் பகுப்பாய்வு' என்று பெயர்?

ஒரு குழுவின் சராசரி 13, இன்னொன்றின் சராசரி 12 என்று வைத்துக்கொள்வோம். இது பெரிய வித்தியாசமா? ஒவ்வொரு குழுவிலும் எல்லோரும் சராசரியை ஒட்டியே மதிப்பெண் எடுத்திருந்தால் பெரிதுதான். ஒருவர் 5, இன்னொருவர் 21 என்று சிதறிக் கிடந்தால் அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு எந்த மரியாதையும் இல்லை. அனோவா இதைத்தான் கணக்காக்குகிறது. குழுக்களுக்கு இடையே உள்ள சிதறலை, குழுவுக்கு உள்ளே இருக்கும் சிதறலால் வகுக்கிறது. வரும் ஈவுதான் எஃப்.

இதை உருவாக்கிய ரொனால்டு ஃபிஷர் உளவியலாளர் அல்ல. 1920-களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்தவர். விளைச்சல் கூடியது உரத்தாலா, அந்தத் துண்டு நிலம் இயல்பிலேயே வளமானது என்பதாலா என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. எஃப் என்ற எழுத்தை அவரைக் கௌரவிக்க வைத்தவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜார்ஜ் ஸ்னெடெகார். நம் துறையில் மண்ணின் இடத்தில் மனிதர்கள் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். சில உளவியல் பாடநூல்களில் இன்னும் 'ஸ்ப்ளிட் பிளாட்' (பிரித்த நிலத்துண்டு) என்ற சொல் கிடக்கிறதே, அது வயல்வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த மண்.

2. சூத்திரம் பார்த்தால் தலை சுற்றுகிறது. சின்ன எண்களை வைத்து ஒரு தடவை போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். இவை நான் கணக்குக்காக உருவாக்கிய எண்கள். உண்மைச் சோதனை அல்ல. 15 மாணவர்கள் ஒரு சொற்பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். 5 பேர் அமைதியில், 5 பேர் வெறும் இசை ஒலிக்க, 5 பேர் பாட்டு ஒலிக்க. நினைவுகூர்ந்த சொற்கள் இப்படி:

அமைதி: 11, 12, 13, 14, 15 (சராசரி 13)
இசை: 10, 10, 12, 13, 15 (சராசரி 12)
பாட்டு: 5, 7, 8, 9, 11 (சராசரி 8)

மொத்தச் சராசரி 11. குழுச் சராசரிகள் அதிலிருந்து 2, 1, 3 விலகியுள்ளன. வர்க்கங்கள் 4, 1, 9, கூட்டினால் 14, குழுவுக்கு 5 பேர் என்பதால் 70. இது குழுக்களுக்கு இடையேயான வர்க்கக் கூட்டல். இனி ஒவ்வொருவரும் தன் குழுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகினார் என்று பார்த்தால், வர்க்கக் கூட்டல் 10, 18, 20. மொத்தம் 48. இது உள் சிதறல். 70-ஐ 2-ஆல் வகுத்தால் 35. 48-ஐ 12-ஆல் வகுத்தால் 4. எஃப் = 35 / 4 = 8.75.

ஒரு தடவையாவது இதைக் கையால் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு மென்பொருள் தரும் அட்டவணை மந்திரம் மாதிரித் தெரியாது.

3. அந்த 2, 12 எங்கிருந்து வந்தன? ஆய்வுக் கட்டுரைகளில் எஃப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போடுவது இதுதானா?

அதேதான். கட்டின்மைக் கூறுகள் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். பேச்சில் எல்லோரும் 'டிஎஃப்' என்கிறோம். மூன்று குழுச் சராசரிகள் மொத்தச் சராசரியைச் சுற்றி நிற்கின்றன. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக முடிவாகிவிடும். ஆகவே 2. ஐந்து பேர் உள்ள குழுவில் நான்கு விலகல்கள்தான் சுதந்திரமானவை. மூன்று குழுவுக்கு 12.

கட்டுரை படிக்கும்போது இந்த எண்கள் உளவாளி வேலை செய்யும். 60 பேரைச் சோதித்ததாக முறையியல் பகுதியில் இருக்கிறது, மூன்று குழு, ஆனால் முடிவில் எஃப்(2, 49) என்று இருக்கிறது என்றால் 57 எங்கே? எட்டுப் பேர் எங்கோ கழன்றிருக்கிறார்கள். ஏன் என்று தேடுங்கள்.

4. மூன்று குழு என்றால் மூன்று டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டுவிட்டுப் போகலாமே?

ஒவ்வொரு சோதனையிலும் இல்லாத வேறுபாட்டை இருக்கிறது என்று சொல்லிவிடும் ஆபத்து 5 சதவீதம். மூன்று சோதனைகளையும் ஒன்றையொன்று சாராதவை போல எண்ணிக் கணக்கிட்டால், குறைந்தது ஒன்றிலாவது ஏமாறும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம். ஐந்து குழு என்றால் பத்து ஜோடி; ஆபத்து 40 சதவீதம். தாயக்கட்டையை நிறையத் தடவை உருட்டினால் தாயம் விழத்தானே செய்யும்?

இரண்டே குழு என்றால் எதைப் போட்டாலும் ஒன்றுதான். வழக்கமான டி-யின் வர்க்கமே எஃப். இரண்டையும் போட்டு 'இரு முறைகளும் ஒத்துப்போகின்றன' என்று எழுதியிருந்த ஓர் ஆய்வேட்டைப் பார்த்திருக்கிறேன். ஒத்துப்போகாமல் எங்கே போகும்?

5. எஃப் சிக்னிஃபிகன்ட் வந்துவிட்டது. எந்தக் குழு ஜெயித்தது?

எஃப் அதைச் சொல்லாது. குழுக்களுக்குள் வேறுபாடே இல்லை என்றால் இவ்வளவு பெரிய எஃப் வரும் வாய்ப்பு (பி மதிப்பு) 5 சதவீதத்துக்கும் குறைவு என்பதுதான் 'சிக்னிஃபிகன்ட்'. எல்லாச் சராசரிகளும் ஒன்றே என்ற இன்மைக் கருதுகோள் இந்தத் தரவோடு பொருந்தவில்லை என்பதோடு அது நிறுத்திக்கொள்ளும். எங்கே வேறுபாடு என்று அறிய டூக்கி, போன்ஃபெரோனி போன்ற போஸ்ட் ஹாக் (எஃப்புக்குப் பின் ஜோடி ஜோடியாக ஒப்பிடும்) சோதனைகள். நம் உதாரணத்தில் டூக்கி முறைப்படி இரண்டு சராசரிகளுக்கு நடுவே சுமார் 3.4 சொற்களாவது இடைவெளி வேண்டும். அமைதிக்கும் இசைக்கும் 1 தான், தேறவில்லை. இசைக்கும் பாட்டுக்கும் 4, அமைதிக்கும் பாட்டுக்கும் 5, இரண்டும் தேறுகின்றன.

ஆனால் உங்கள் கருதுகோளே 'பாட்டில் உள்ள வார்த்தைகள்தான் இடைஞ்சல், இசை அல்ல' என்றிருந்தால், எல்லா ஜோடிகளையும் துழாவ வேண்டியதில்லை. பாட்டை மற்ற இரண்டோடு ஒப்பிடும் ஒரே ஒப்பீட்டைத் தரவு சேகரிக்கும் முன்பே எழுதி வைத்து, அதை மட்டும் சோதியுங்கள். இது கூர்மையான வழி. ஆய்வேடுகளில் இதை அரிதாகவே பார்க்கிறேன். போஸ்ட் ஹாக் பொத்தான் கைக்கு அருகில் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

6. பி மதிப்பு 0.0045 வந்தால், என் கருதுகோள் 99.5 சதவீதம் உண்மை என்று எழுதலாமா?

கூடாது. நம் உதாரணத்தின் பி மதிப்பு அதேதான், அதை வைத்தே சொல்கிறேன். அமைதி, இசை, பாட்டு மூன்றுக்கும் உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத ஓர் உலகத்தைக் கற்பனை செய்யுங்கள். அந்த உலகத்தில் இதே சோதனையை ஆயிரம் தடவை நடத்தினால், 8.75 அல்லது அதற்கு மேல் எஃப் வருவது நான்கைந்து தடவைதான். பி சொல்வது இவ்வளவே. உங்கள் கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பு வேறு கணக்கு. அதற்கு இந்த எண் போதாது.

இன்னொன்று: எஸ்.பி.எஸ்.எஸ். 0.000 என்று காட்டினால் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். மூன்று தசம இடத்துக்கு மேல் அது காட்டவில்லை. '0.001-ஐ விடக் குறைவு' என்று எழுதினால் போதும்.

7. எனக்கு பி மதிப்பு 0.18 வந்தது. 'இரு முறைகளுக்கும் வேறுபாடு இல்லை என்று நிரூபணமானது' என்று முடித்துவிடவா?

அப்படி முடித்தால் வாய்மொழித் தேர்வில் மாட்டுவீர்கள். இருட்டறையில் சின்ன டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்பது போன்றது அது. ஜேக்கப் கோஹனின் 1992-ஆம் ஆண்டு அட்டவணைப்படி, மூன்று குழுக்களில் நடுத்தர அளவு விளைவை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 52 பேர் வேண்டும். சிறிய விளைவு என்றால் 322. குழுவுக்குப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு 'இல்லை' என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. 'இந்தத் தரவில் கண்டறிய முடியவில்லை' என்று எழுதி, சராசரிகளையும் நம்பக இடைவெளிகளையும் (உண்மைச் சராசரி இருக்கக்கூடிய எல்லைகள்) கொடுங்கள்.

8. ஈட்டா ஸ்கொயர்டு, பார்ஷியல் ஈட்டா ஸ்கொயர்டு என்று இரண்டு இருக்கிறதே, எதைக் கொடுக்க?

மொத்தச் சிதறலில் உங்கள் காரணிக்கு (குழுக்களைப் பிரித்த அம்சத்துக்கு) எவ்வளவு பங்கு என்பது ஈட்டா ஸ்கொயர்டு. கேள்வி 2-இல் 70, மொத்தம் 118, ஆக 0.59. கோஹன் சொன்ன தோராய அளவுகள் 0.01 சிறியது, 0.06 நடுத்தரம், 0.14 பெரியது. 0.59 என்பது கற்பனை எண்களில்தான் சுலபமாக வரும்; மாணவர் ஆய்வில் வந்தால் முதலில் தரவை உள்ளிட்டதில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பேன்.

பார்ஷியல் வகையில் மற்ற காரணிகளின் பங்கை வகுக்கும் எண்ணிலிருந்து கழித்துவிடுகிறார்கள். ஒரே காரணி, தனித்தனி ஆட்கள் என்றால் இரண்டும் சமம். காரணிகள் கூடும்போதும், ஒரே ஆட்களை மறுபடி சோதிக்கும்போதும் பார்ஷியல் பெரிதாகத் தெரியும். எதைக் கொடுத்தாலும் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

9. நான் ஒரே மாணவர்களையே மூன்று நிலையிலும் சோதித்தேன். அதே அனோவாவைப் போடலாமா?

போட்டால் உங்கள் உழைப்பை நீங்களே வீணடிக்கிறீர்கள். கேள்வி 2-இன் எண்களையே எடுத்து, ஒவ்வொரு வரிசையிலும் முதல் எண் ஒரே மாணவருடையது, இரண்டாவது இன்னொருவருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாணவர் 11, 10, 5. ஐந்தாமவர் 15, 15, 11. ஐந்தாமவருக்கு எப்போதுமே ஞாபகசக்தி அதிகம் என்று தெரிகிறது. அந்த 48 என்ற உள் சிதறலில் 46, ஆளுக்கு ஆள் இருக்கும் இந்த வேறுபாடுதான். ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிடுவதால் அதைக் கழித்துவிடலாம். மிச்சம் 2, கட்டின்மைக் கூறு 8, வகுத்தால் 0.25. எஃப் இப்போது 35 / 0.25 = 140. அதே பதினைந்து எண்கள்! பார்ஷியல் ஈட்டா ஸ்கொயர்டும் 0.97-க்கு எகிறிவிடும். உண்மைத் தரவு இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது, ஆனால் திசை இதுதான்.

உளவியலில் இதற்கு இயல்பான இடம் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் செய்தது போன்ற சோதனைகள். வண்ணச் சதுரங்கள் நூறின் நிறத்தைச் சொல்ல அவருடைய பங்கேற்பாளர்களுக்குச் சராசரியாக 63.3 விநாடி ஆனது. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் அச்சிட்டு, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னபோது 110.3 விநாடி. சிலர் எப்போதுமே வேகம், சிலர் நிதானம்; அந்த வேறுபாட்டைக் கழித்துவிட்டால் வார்த்தை தரும் தடை பளிச்சென்று நிற்கும்.

விலையும் உண்டு. இரண்டாம் நிலைக்கு வரும்போது ஆள் பழகியிருப்பார், அல்லது களைத்திருப்பார். எல்லோருக்கும் அமைதி, இசை, பாட்டு என்று ஒரே வரிசையில் கொடுத்திருந்தால், பாட்டில் மதிப்பெண் குறைந்தது பாட்டாலா களைப்பாலா என்று எந்த அனோவாவும் பிரித்துத் தராது. வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றியிருக்க வேண்டும்.

10. 'மாக்லி டெஸ்ட்' சிக்னிஃபிகன்ட் என்று வந்து பயமாக இருக்கிறது. தரவு வீணா?

இல்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நிலைகளில் ஒரே ஆட்களைச் சோதிக்கும்போது, எந்த இரண்டு நிலைகளின் வித்தியாசத்தை எடுத்தாலும் அந்த வித்தியாசங்களின் சிதறல் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஓர் அனுமானம் உண்டு. பெயர் ஸ்பெரிசிட்டி. அது மீறப்பட்டிருக்கலாம் என்கிறது மாக்லி. எஃப் இருக்கும் முடிவு அட்டவணையில் 'கிரீன்ஹவுஸ்-கைசர்' என்று ஒரு திருத்த வரி இருக்கும். அதை எடுத்து எழுதுங்கள். கட்டின்மைக் கூறுகள் தசமத்தில் வரும், திகைக்க வேண்டாம். இரண்டே நிலைகள் என்றால் இந்தப் பிரச்சினையே எழாது.

11. இடைவினை, இடைவினை என்கிறார்களே, தனித்தனி விளைவுகளைப் பார்த்தால் போதாதா?

போதாது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் டங்கன் காடனும் ஆலன் பாட்லியும் 1975-இல் வெளியிட்டது. ஸ்காட்லாந்தில் முக்குளிப்பவர்களை வைத்து நடந்தது. சொற்பட்டியலைக் கரையிலோ நீருக்கடியிலோ படிக்க வேண்டும். பிறகு கரையிலோ நீருக்கடியிலோ நினைவுகூர வேண்டும். நான்கு சேர்க்கைகள். கரையில் படித்துக் கரையில் சொன்னவை சராசரியாக 13.5 சொற்கள். கரையில் படித்து நீரில் சொன்னவை 8.6. நீரில் படித்துக் கரையில் சொன்னவை 8.4. நீரில் படித்து நீரிலேயே சொன்னவை 11.4.

இப்போது தனித்தனியாகப் பாருங்கள். கரையில் படித்தவற்றின் மொத்தச் சராசரி சுமார் 11, நீரில் படித்தவற்றுக்கு 9.9. கரையில் சொன்னவை சுமார் 11, நீரில் சொன்னவை 10. இதை மட்டும் எழுதினால் 'எங்கே படித்தாலும் பெரிய வித்தியாசமில்லை, எங்கே சொன்னாலும் பெரிய வித்தியாசமில்லை' என்று முடித்திருப்போம். விஷயமே அங்கே இல்லை. படித்த இடமும் சொல்லும் இடமும் ஒன்றா, வேறா என்பதில் இருக்கிறது. படித்த இடத்தின் பலன், சொல்லும் இடத்தைப் பொறுத்துத் தலைகீழாகிறது. வரைபடத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். இதுதான் இடைவினை. அது இருக்கும்போது தனி விளைவுகளைத் தலைப்பாக்காதீர்கள். முதலில் நான்கு சராசரிகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பாடநூல்கள் சொல்லாமல் விடுவது ஒன்று: இதே சோதனையைப் பதினாறு முக்குளிப்பவர்களோடு திரும்பச் செய்து 2021-இல் வெளியான ஆய்வில் இந்த விளைவு கிடைக்கவில்லை. எஃப் பெரிதாக இருந்த ஒரே சோதனை, அந்த விளைவு எப்போதும் வரும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. ஆனாலும் இடைவினை என்றால் என்ன என்று விளக்க அந்த நான்கு எண்களை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

12. பயிற்சி, ஆண்களிடம் சிக்னிஃபிகன்ட் (0.03). பெண்களிடம் இல்லை (0.09). ஆக, பயிற்சியின் பலன் பாலினத்துக்கு ஏற்ப மாறுகிறது. சரிதானே?

சரியில்லை. இதைச் செய்பவர் நீங்கள் மட்டும் என்று வருந்தவும் வேண்டாம். நியூவென்ஹாய்ஸ், ஃபோர்ஸ்ட்மன், வாகன்மாக்கர்ஸ் மூவரும் 2011-இல் முன்னணி இதழ்களில் வந்த 513 நரம்பியல் கட்டுரைகளை அலசினார்கள். இந்தத் தவறுக்கு இடமிருந்தவை 157. அவற்றில் 79 கட்டுரைகள் தவறாகவே செய்திருந்தன. பாதிக்கு மேல்!

0.03-க்கும் 0.09-க்கும் நடுவே உள்ள வித்தியாசமே தற்செயலாக இருக்கலாம். ஆண்களிடம் பலன் 4 மதிப்பெண், பெண்களிடம் 3 மதிப்பெண் என்று இருந்தாலும் இப்படி வந்துவிடும். நீங்கள் கேட்கும் கேள்வி, 'பலன்கள் இரண்டும் தமக்குள் வேறுபடுகின்றனவா' என்பது. அதற்குப் பதில் கேள்வி 11-இல் பார்த்த இடைவினையின் எஃப் மட்டுமே. இரண்டு அனோவாவைக் கிழித்துப் போட்டுவிட்டு, பயிற்சி, பாலினம் இரண்டும் சேர்ந்த ஒன்றைப் போடுங்கள்.

13. பாலினம், நகரம்/கிராமம், தாய்மொழி வழி, குடும்ப வருமானம் என்று பன்னிரண்டு அனோவா போட்டேன். ஒன்று தேறியது. 'கிராமப் பின்னணி மனஅழுத்தத்தைக் கூட்டுகிறது' என்று எழுதலாமா?

இரண்டு தனித்தனிச் சிக்கல். ஒன்று, கேள்வி 4-இன் கணக்கு. பன்னிரண்டு தடவை உருட்டினால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் ஒன்றாவது தேறும் வாய்ப்பு சுமார் 46 சதவீதம். மற்ற பதினொன்றையும் சேர்த்து எழுதுங்கள். தேறியதை மட்டும் காட்டுவது நேர்மையில்லை.

இரண்டு, 'கூட்டுகிறது' என்ற வினைச்சொல். யாரை எந்தக் குழுவில் போடுவது என்று நீங்கள் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்திருந்தால் காரணம் பேசலாம். ஒருவரைக் கிராமத்தில் பிறக்க வைத்தது நீங்கள் இல்லை. கிராமத்தோடு சேர்ந்து பள்ளி, பயண நேரம், விடுதி வாசம் என எத்தனையோ வருகின்றன. அனோவாவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எண்களைக் கொடுத்தால் எஃப் கொடுக்கும். காரணம் சொல்லும் தகுதியைத் தருவது சோதனை வடிவமைப்பு.

14. என் தரவு நார்மல் (மணி வடிவப் பரவல்) இல்லை, குழுக்களின் சிதறல் சமமா என்று பார்க்கும் லெவீன் சோதனையும் தோற்றுவிட்டது. என்ன செய்ய?

நார்மலாக இருக்க வேண்டியது மொத்தத் தரவு அல்ல, ஒவ்வொருவரும் தம் குழுச் சராசரியிலிருந்து விலகும் அளவு. குழுக்கள் ஓரளவு பெரியவையாகவும் சம எண்ணிக்கையிலும் இருந்தால் அனோவா சின்னக் கோணலைத் தாங்கும். உண்மையில் கவலைப்பட வேண்டியது, சிதறலும் எண்ணிக்கையும் சேர்ந்து மாறும்போது. சின்னக் குழுவில் சிதறல் அதிகம் என்றால் பொய்யான 'சிக்னிஃபிகன்ட்' பெருகும். அப்போது, சிதறல் சமம் என்று கருதாத வெல்ச் முறையை எடுங்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு குழுவின் தரவையும் புள்ளிகளாக வரைந்து பாருங்கள். 35 என்பது 350 என்று தட்டச்சாகியிருந்ததால் தோற்ற லெவீனை நான் கண்டிருக்கிறேன்.

15. ஆட்களைப் போலவே நான் கொடுத்த சொற்களும் ஒரு மாதிரி (சாம்பிள்) தானே? வேறு சொற்களைக் கொடுத்திருந்தால் வேறு முடிவு வந்திருக்காதா?

இதைக் கேட்ட மாணவி ஒருவர்தான். அவருக்காகவே இந்தக் கேள்வியைச் சேர்த்தேன். ஆம், வந்திருக்கலாம். மொழியை வைத்துச் செய்யும் சோதனைகளில் ஆட்களை மட்டும் மாதிரியாக எண்ணி, சொற்களை நிரந்தரமானவை போல நடத்துவது பிழை என்று ஹெர்பர்ட் கிளார்க் 1973-இல் எழுதினார். நாற்பது பேர், ஆனால் வெறும் ஆறு சொற்கள் என்றால், உங்கள் முடிவு அந்த ஆறு சொற்களைப் பற்றியது மட்டுமாக இருக்கலாம்.

அடுத்த வருடமே எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் இதைக் கணக்கில் எடுத்தார்கள். கார்கள் மோதும் படங்களைக் காட்டிவிட்டு வேகம் கேட்ட பிரபலமான சோதனை அது. கேள்வியில் 'மோதி நொறுங்கியபோது' என்ற பொருளில் வினைச்சொல் இருந்தால் சராசரி மதிப்பீடு மணிக்கு 40 மைலைத் தாண்டியது. 'தொட்டபோது' என்று கேட்டால் 32 மைலைக்கூட எட்டவில்லை. அவர்கள் ஆட்களோடு, காட்டிய படங்களையும் மாதிரியாகவே கருதி, சாதாரண எஃப்புக்குப் பதில் இரண்டின் ஏற்றத்தாழ்வையும் கணக்கில் கொள்ளும் 'குவாசி எஃப்' என்ற விகிதத்தைக் கொடுத்தார்கள். பாடநூல் சுருக்கங்களில் இந்த விவரம் காணாமல் போய்விடுகிறது.

இன்று இதற்குக் கலப்பு விளைவு மாடல்கள் இருக்கின்றன. ஆட்கள், சொற்கள் இரண்டின் ஏற்றத்தாழ்வையும் ஒரே கணக்கில் பிரித்தெடுக்கும். எஸ்.பி.எஸ்.எஸ்.-இலும் 'மிக்ஸ்டு மாடல்ஸ்' என்று பட்டியலில் உண்டு. ஆர் மென்பொருளில் இன்னும் சுலபம். ஆனால் எந்த மென்பொருளும் ஆறு சொற்களை அறுபதாக்காது. பட்டியல் தயாரிக்கும் கட்டத்தில் இருந்தால் இப்போதே நீட்டிவிடுங்கள்.